ஐயாயிரம் வெள்ளி எங்கே போனது?

கேள்வி: அண்ணா, பிரிக்பீல்ட்ஸில் தோழிகள் நால்வர் சேர்ந்து லீனியர் புரோகிராமிங் (நிபந்தனைகளை மீறாமல் மிகக் குறைந்த அல்லது மிக அதிக மதிப்பைக் கண்டுபிடிக்கும் கணக்கு) வீட்டுப்பாடம் செய்தோம். ஒரு கடையின் கையிருப்பு 10,000 வெள்ளி. மூன்று மாத வரவு 30,000, 20,000, 60,000. செலவு 35,000, 40,000, 25,000. கடனுக்கு மாதம் 1 விழுக்காடு வட்டி, அடுத்த மாதமே அடைக்க வேண்டும். வட்டி மிகக் குறைவாக இருக்க வேண்டும். இரண்டாம் மாதக் கடன் எனக்கு 15,000, மற்ற மூவருக்கும் 20,000. யார் சரி?
- கல்லூரி மாணவி, கோலாலம்பூர்

பதில்: நீதான், தங்கச்சி. இது என்ன, ஓட்டுப் போட்டுத் தீர்க்கிற விஷயமா? பினாங்கு லெபோ பாசாரில் மளிகைக் கடைக் கணக்கு எழுதிய நாளில் நானும் இங்கேதான் சறுக்கினேன். பக்கத்தைத் திருப்பியவன், முன்பக்கத்து மீதியைக் கொண்டுவர மறந்துவிட்டேன். முதலாளி ஒன்றும் சொல்லவில்லை, பென்சிலை மட்டும் என் பக்கம் உருட்டிவிட்டார்.

முதல் மாதம் 10,000 + 30,000 − 35,000, மிச்சம் 5,000. அப்புறம் இரண்டாம் மாதம்: 5,000 + 20,000 + கடன் − 40,000, பூஜ்யத்துக்குக் கீழே போகக்கூடாது. கடன் 15,000, வட்டி 150. அந்த 5,000-ஐ விட்டவர்களுக்கு வட்டி 200. மாதக் கடைசி மீதிக்கென்று தனி மாறி (x, y போல ஓர் எழுத்து) வைத்தால் இது நழுவாது. மூன்றாம் மாதம் 15,150 கட்டியும் கையில் 19,850 நிற்கும்.

ஆமாம், மூவருக்கும் ஒரே தப்பா? ஒருத்தி எழுத, இருவர் பார்த்து எழுதினார்களோ?