வராந்தாக் கொடியில் கூடு கட்டும் கறுத்த தொண்டைக் குருவி எது?

வாசகர் கேள்வி: கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டத்தை ஒட்டி எங்கள் வீடு. சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் சின்னதாக ஒரு பறவை, நான்கைந்தாக வந்து கொல்லைப் புல்லில் விதை தின்கிறது. முகமும் தொண்டையும் கறுப்பு. ஆண் சிட்டுக்குருவிதான், மலைக் குளிருக்கு நிறம் கூடிவிட்டது என்கிறார் வீட்டுக்காரர். இப்போது வராந்தாக் கொடிக்குள் புல்லைக் கொண்டுவந்து திணிக்கிறது. அடுத்த வாரம் வெள்ளையடிக்க ஆள் சொல்லியிருக்கிறோம். கூட்டை வேறு இடத்தில் எடுத்து வைக்கலாமா? தினை போடலாமா? பிடித்து வளர்க்கலாம் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர், அது சரியா? படம் கலங்கலாகத்தான் வந்திருக்கிறது.

படம் கலங்கல்தான், ஆனால் கன்னம் தெரிகிறது; அது போதும். ஆண் சிட்டுக்குருவிக்கும் தொண்டை கறுப்பு என்பதால் உங்கள் வீட்டுக்காரர் சொன்னதில் நியாயம் உண்டு. ஆனால் அதற்குக் கன்னம் வெளுத்திருக்கும், உச்சந்தலை சாம்பலாக இருக்கும், முதுகில் பட்டை பட்டையாகக் கறுப்புக் கோடு ஓடும். உங்கள் பறவைக்குக் கண்ணைச் சுற்றி, கன்னம், தொண்டை, மேல்மார்பு எல்லாம் ஒரே கருமை. கழுத்தோரமும் வயிறும் இளஞ்சிவப்பு கலந்த பழுப்பு. இது கருந்தொண்டைச் சில்லை. முனியா என்றாலும் பறவை பார்ப்பவர்களுக்குப் புரியும். சிட்டுக்குருவியின் குடும்பம் வேறு, இதன் குடும்பம் வேறு.

மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதி, கிழக்குத் தொடர்ச்சி மலையின் சில இடங்கள், இலங்கையின் மலைநாடு. உலகத்தில் இந்தப் பறவை வாழும் இடம் இவ்வளவுதான். இலங்கையில் இருப்பதற்கு வயிற்றில் கறுப்பும் வெள்ளையுமாக வரி விழும். நம் மலைகளில் உள்ளதற்கு அந்த வரி கிடையாது. இதன் அறிவியல் பெயரில் உள்ள 'கெலார்ட்டி' இலங்கையில் பிறந்த மருத்துவரும் இயற்கை ஆய்வாளருமான கெலார்ட்டின் நினைவாக வைத்தது.

உண்மையில் இதோடு குழம்புவது வெண்முதுகுச் சில்லைதான். அதற்கும் முகமும் மார்பும் கருமையாக இருக்கும், நானே முதல் பார்வையில் தவறியிருக்கிறேன். பறவை எழுந்து பறக்கும்போது வால் தொடங்கும் இடத்தைப் பாருங்கள். அங்கே பளிச்சென்று வெள்ளை தெரிந்து, வயிறும் வெளுத்திருந்தால் அது வெண்முதுகுச் சில்லை. உங்கள் படத்தில் வயிறு வெள்ளையில்லை. புள்ளிச் சில்லைக்கு மார்பில் மீன் செதிள் போட்டதுபோல் இருக்கும், அதில் குழப்பம் வராது. ஆனால் அதன் இளம்பறவைக்குச் செதிள் இராது, மொத்தமும் மங்கிய பழுப்பு. கூட்டத்தில் அப்படி ஒன்று நின்றால் நிறத்தை நம்பாதீர்கள், கூட நிற்கும் பெரியவற்றைப் பாருங்கள்.

அது தின்னும் விதத்தை ஒரு நாள் சன்னலுக்குப் பின்னால் அசையாமல் நின்று பாருங்கள். புல் தாளைப் பிடித்து ஏறும், தாள் வளையும், கதிர் அலகுக்கு எட்டும். ஒரு விதையை இழுத்து மேலலகின் உட்பக்கத்துப் பள்ளத்தில் வைத்துக்கொள்ளும். நாக்கு அதை உருட்ட, கீழலகின் விளிம்பு உமியைக் கீறும். அலகோரம் உமி மெல்லிய தூளாக உதிரும். கூம்பான தடித்த அலகு எதற்கு என்பது அப்போது புரியும். பறவையை அடையாளம் காண வருகிறவர்களிடம் நான் முதலில் அலகைப் பார்க்கச் சொல்வதும் இதனால்தான். நிறம் வெளிச்சத்துக்கும் வயதுக்கும் தக்கபடி ஏமாற்றும், அலகு ஏமாற்றாது. உங்கள் தோட்டத்து வெள்ளைக்கண்ணியும் சின்னப் பறவைதான். ஆனால் அதன் ஊசி அலகால் ஒரு சாமையைக்கூட உரிக்க முடியாது.

கூட்டுக்கு வருவோம். தயவுசெய்து நகர்த்தாதீர்கள். பக்கவாட்டில் வாசல் வைத்த பெரிய புல் உருண்டை அது. ஆணும் பெண்ணும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். முட்டைகள் வெள்ளையாக இருக்கும். இடம் மாறிய கூட்டைப் பெற்றோர் கைவிட்டால் உள்ளே இருப்பவை சாகும். முட்டையிட்டதிலிருந்து குஞ்சு பறந்துபோக ஏறக்குறைய ஐந்து வாரம் பிடிக்கும். வீடு முழுவதும் வெள்ளையடித்துக்கொள்ளுங்கள்; கொடி படர்ந்த அந்த ஒரு சுவரை மட்டும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கூட்டுக்குள் கைவிட்டோ டார்ச் அடித்தோ எண்ணிப் பார்க்க வேண்டாம்.

தினை போடலாம், ஆனால் நான் முதலில் கேட்பது வேறு: கொல்லைப் புல்லை வெட்டாதீர்கள். களைக்கொல்லி வேண்டவே வேண்டாம். குஞ்சுக்குப் பால் பிடித்த பச்சை விதைதான் ஏற்றது, கடைத் தினையில் அது கிடைக்காது. சாமையும் ராகியும் விளைந்த நீலகிரிச் சரிவுகள் எத்தனையோ இன்று தேயிலையாகிவிட்டன. தேயிலைச் செடியடியில் இந்தப் பறவைக்கு ஒன்றுமில்லை. வேலியோரம் கதிர் முற்ற விட்ட நான்கு முழப் புல்தான் அதற்கு வயல். அதற்குமேல் தினையோ சாமையோ போடுவதானால் ஒரு கைப்பிடி போதும், மாலையில் மீந்ததைக் கூட்டி எடுத்துவிடுங்கள். உங்கள் ஊர்ப் பனிமூட்டத்தில் நனைந்த தானியம் சீக்கிரம் பூஞ்சணம் பிடிக்கும், அது பறவைக்கு ஆகாது. உலர்ந்த விதை தின்பதால் தண்ணீர் அடிக்கடி வேண்டும். ஆழமில்லாத மண்சட்டியில் வையுங்கள், பூனை பதுங்கும் புதரிலிருந்து தள்ளி.

பிடித்து வளர்ப்பது சரியல்ல. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். கடையில் விற்கும் 'பெங்காலி பிஞ்ச்' என்ற கூண்டுப் பறவையைப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லியிருக்கலாம். அது வெண்முதுகுச் சில்லையின் வழிவந்து, ஜப்பானில் பல தலைமுறையாகக் கூண்டிலேயே பெருக்கப்பட்ட வளர்ப்பினம். உங்கள் கொடியில் இருப்பது காட்டுப் பறவை.

அடுத்த படம் எடுத்தால், புல் கொண்டுவந்து கொடிக்குள் நுழையும்போது பின்னாலிருந்து எடுங்கள். வாலுக்கு மேலே வெள்ளை தெரிகிறதா என்று பார்த்துவிட்டு எனக்கும் அனுப்புங்கள்.