ஏழைப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே உதவினால் குற்றம் குறையுமா?

தண்டனையைக் கடுமையாக்குவதைவிட முன்கூட்டிய உதவி உண்மையிலேயே பயன் தருமா என்று கேட்டிருக்கிறீர்கள். தரும் என்பதே என் உறுதியான கருத்து. ஆனால் அந்த உதவிகள் காலம் தாழ்த்தாமல், ஒன்றையொன்று அறிந்து வரவேண்டும்.

தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரை அடுத்த சாட்ஸ்வொர்த், இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தால் வெளியேற்றப்பட்ட இந்தியக் குடும்பங்களுக்காக 1960களில் உருவான ஊர். அங்கே ‘சுகர்ஸ்’ என்னும் மலிவான ஹெராயின் கலவைக்கு அடிமையாகும் பையன், பெரும்பாலும் முதலில் பள்ளிக்கு வராமல் நிற்கிறான்; அடுத்து வீட்டுப் பாத்திரமும் அம்மாவின் வளையலும் காணாமல் போகின்றன; வழிப்பறி அதற்குப் பின்னர்தான். வருகைப் பதிவேட்டைப் பார்த்த ஆசிரியர் சமூகப் பணியாளரிடம் சொல்ல, அவர் வீட்டுக்கே சென்று, அரசின் குழந்தை உதவித்தொகை வருகிறதா என்று விசாரித்து, பையனைச் சிகிச்சைக்கும் அனுப்பிவைக்க வேண்டிய நேரம் அந்த முதல் கட்டம்தான். அலுவலகங்கள் தனித்தனியே இயங்கினால், ஒவ்வொரு வாசலிலும் தாய் தன் வேதனையை முதலிலிருந்து சொல்ல நேர்கிறது. இரண்டாவது வாசலிலேயே மனம் நொந்து திரும்புபவர்களை நான் குறைசொல்ல மாட்டேன்.

கைதான பின்னும் வழி உண்டு. 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சிறார் நீதிச் சட்டத்தின்படி, நன்னடத்தை அலுவலர் பிள்ளையின் குடும்பச் சூழலை மதிப்பிடுகிறார். பிள்ளை தன் பொறுப்பை ஏற்றுக்கொண்டால், வழக்கை ஆலோசனை, பயிற்சி போன்ற மாற்றுத் திட்டத்துக்குத் திருப்பலாம். அதை முடித்தவருக்குக் குற்றப்பதிவு ஏற்படாது என்பதால், பிற்பாடு வேலை தேடும்போது அந்தக் கறை குறுக்கே நிற்பதில்லை. 2022 முதல் 12 வயதுக்குட்பட்டவர்மீது வழக்கே தொடர முடியாது. காவலர்கள் நன்னடத்தை அலுவலருக்குத்தான் தகவல் தர வேண்டும்.