போரைக் கெடுத்த பாதுகாப்பு அமைச்சரை யார் கேள்வி கேட்பது?

கேள்வி: இராக் போரை அன்றைய அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் டொனால்ட் ரம்ஸ்ஃபெல்டு தவறாக நடத்தினார் என்று அமெரிக்காவிலேயே பலர் சொல்கிறார்கள். ஆனாலும் அவருக்கு எந்தத் தண்டனையும் கிடைக்கவில்லை. ஒரு பாதுகாப்பு அமைச்சரைப் பொறுப்பேற்க வைக்க வழியே இல்லையா?

பதில்:

வழி இருந்தது. அதைக் கையில் வைத்திருந்தவர்கள் மூன்றரை வருடம் சும்மா இருந்தார்கள்.

இந்தப் போரை நான் பேப்பரில் மட்டும் படித்தவன் இல்லை. 2003 கடைசியிலிருந்து 2006 வரை குவைத்தில் ஒரு லாரி கம்பெனியில் கணக்கு எழுதினேன். எங்கள் வண்டிகள் அப்தலி வழியாக எல்லை தாண்டி இராக்குக்குச் சரக்கு கொண்டுபோகும். ஓட்டுநர்களில் ஒருவர் ராமநாதபுரத்துக்காரர். வயதில் மூத்தவர், அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். ஒவ்வொரு முறையும் ஊருக்கு ஒரு போன் போட்டுப் பேசிவிட்டுத்தான் வண்டியில் ஏறுவார். ஷுவைக்கில் ஒரு பட்டறைக்குப் போய், தன் காசில், கதவின் உள்பக்கம் இரும்புத் தகடு வைத்து வெல்டிங் பண்ணிக்கொண்டார். 2004 ஜூலையில் வேறொரு குவைத் கம்பெனியின் ஓட்டுநர்கள் ஏழு பேரை இராக்கில் கடத்தினார்கள். அவர்களில் மூன்று பேர் இந்தியர்கள். செப்டம்பர் 1 அன்று அவர்கள் விடுதலையான செய்தி வரும்வரை எங்கள் ஆபீஸில் யாருக்கும் சோறு இறங்கவில்லை.

அதே குவைத்தில், அதே வருடம் டிசம்பர் 8 அன்று, கேம்ப் பியூரிங் முகாமுக்கு ரம்ஸ்ஃபெல்டு வந்தார். எல்லை தாண்டத் தயாராக இருந்த வீரர்களில் ஒருவர் எழுந்து அவரிடம் கேட்டார்: குப்பைமேட்டில் கிடக்கும் பழைய இரும்பையும் குண்டு துளைக்காத கண்ணாடியின் உடைசல்களையும் பொறுக்கி எங்கள் வண்டிகளுக்கு நாங்களே கவசம் கட்ட வேண்டியிருப்பது ஏன்? சுற்றியிருந்த வீரர்கள் கைதட்டி ஆரவாரம் செய்தார்கள். இருக்கிற ராணுவத்தோடுதான் போருக்குப் போக முடியும், பின்னால் கிடைக்கலாம் என்று ஆசைப்படும் ராணுவத்தோடு போக முடியாது என்பது ரம்ஸ்ஃபெல்டின் பதில். பணம் பிரச்சினை இல்லை, அவ்வளவு வேகமாகத் தயாரிக்க முடியவில்லை என்றும் சொன்னார்.

எதிரி வாசலில் வந்து நின்றிருந்தால் இந்தப் பதிலை நானும் ஏற்றுக்கொள்வேன். ஆனால் இது தேதி குறித்துத் தொடங்கிய போர். 2003 மார்ச் 20-ஐத் தேர்ந்தெடுத்தது அமெரிக்க அரசு. அப்புறம், முடியவில்லை என்பதும் சரியில்லை. ஹம்வீ என்ற ராணுவ வண்டிக்குக் கவசம் போட்டுத் தயாரித்த நிறுவனம், மாதம் 450 என்பதை 550 ஆக உயர்த்த முடியும் என்று சில நாட்களில் வெளியே சொன்னது. உடனே ராணுவமும் கூடுதலாக வாங்க முடிவு செய்தது. ஒரு சாதாரண வீரரின் கேள்வி ஒரு வாரத்துக்குள் வேலையை நடத்திவிட்டது. அந்தக் கேள்வியை அதற்கு முன்பே கேட்கும் அதிகாரம் நாடாளுமன்றக் குழுக்களுக்கு இருந்தது. சாட்சிக்கு அழைக்கலாம், ஆவணம் கேட்கலாம், நிதியை நிறுத்தலாம். போரின் முதல் சில வருடங்களில் அவர்கள் அதிகம் செய்தது நிதி ஒதுக்கியதுதான்.

கணிப்பு தவறுவது யாருக்கும் நடக்கும். அதற்காக மட்டும் ஒருவரைக் குற்றவாளி ஆக்கக் கூடாது என்றுதான் நானும் நினைக்கிறேன். ரம்ஸ்ஃபெல்டின் விஷயம் வேறு. அவருக்கு முன்கூட்டியே சொல்லப்பட்டது. 2003 பிப்ரவரி 25 அன்று தரைப்படைத் தளபதி எரிக் ஷின்செகி செனட் குழுவிடம், இராக்கைப் பிடித்தபின் அங்கே அமைதி காக்கப் பல லட்சம் வீரர்கள் தேவைப்படலாம் என்றார். இரண்டே நாளில் ரம்ஸ்ஃபெல்டின் துணை அமைச்சர் பால் உல்ஃபோவிட்ஸ் அந்தக் கணக்கு முற்றிலும் தவறு என்று பகிரங்கமாக மறுத்தார். ஏறக்குறைய ஒன்றரை லட்சம் அமெரிக்க வீரர்களோடு படையெடுப்பு நடந்தது. ஏப்ரலில் பாக்தாத் விழுந்ததும் கொள்ளை ஆரம்பித்தது. தேசிய அருங்காட்சியகத்திலிருந்து மட்டும் சுமார் 15,000 பொருட்கள் போயின. தடுக்க ஆள் போதவில்லை. ‘இப்படியெல்லாம் நடக்கத்தான் செய்யும்’ என்றார் ரம்ஸ்ஃபெல்டு. மே மாதம் இராக் ராணுவத்தையே கலைத்தார்கள். சம்பளம் இழந்த லட்சக்கணக்கான ஆண்கள், ஆயுதப் பயிற்சி உள்ளவர்கள், தெருவில் நின்றார்கள். ஜூன் கடைசியில்கூட இது கெரில்லாப் போர் இல்லை என்று அவர் சாதித்துக்கொண்டிருந்தார். அது கெரில்லாப் போர்தான் என்று எங்கள் ஓட்டுநர்களுக்கு அந்தச் சாலையிலேயே தெரிந்திருந்தது.

அபு கிரைப் இன்னும் கனமானது. 2004 ஏப்ரலில், இராக்கில் இருந்த அந்தச் சிறையில் அமெரிக்க வீரர்கள் கைதிகளைக் கொடுமைப்படுத்திய படங்கள் வெளிவந்தன. மே 7 அன்று செனட் குழு முன்னால் ரம்ஸ்ஃபெல்டு, இது தன் பொறுப்பில் நடந்தது, முழுப் பொறுப்பும் தன்னுடையது என்றார். இரண்டு முறை ராஜினாமா செய்ய முன்வந்ததாகவும், அதிபர் புஷ் ஏற்கவில்லை என்றும் பிற்பாடு அவரே சொன்னார். என்னைப் பொறுத்தவரை, அங்கேதான் அமெரிக்கா தவறவிட்டது. பொறுப்பு என்று வாயால் சொன்னவர் அதே நாற்காலியில் இன்னும் இரண்டரை வருடம் உட்கார்ந்திருந்தார். சிறைக்குப் போனவர்கள் எல்லாம் கீழ்நிலை வீரர்கள். ஒருவருக்குப் பத்து வருடத் தண்டனை. 2008-ல் செனட்டின் ஆயுதப்படைக் குழு, 2002 டிசம்பரில் கியூபாவில் உள்ள அமெரிக்காவின் குவாண்டநாமோ சிறைக்காக ரம்ஸ்ஃபெல்டு கையெழுத்திட்ட கடுமையான விசாரணை முறைகளே குவாண்டநாமோவில் நடந்த கொடுமைகளுக்கு நேரடிக் காரணம் என்று எழுதியது. அப்போது அவர் பதவியை விட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது. சித்திரவதைக்கு ஆளானவர்கள் போட்ட வழக்கையும், அதிகாரிகளுக்கு உள்ள சட்டப் பாதுகாப்பைக் காட்டி நீதிமன்றம் தள்ளிவிட்டது.

‘போர் நடக்கும்போது அமைச்சரை மாற்றினால் படை குலைந்துவிடும்’ என்று சிலர் வாதிடுகிறார்கள். 1962-ல் நம் நாட்டில் நடந்ததைப் பாருங்கள். சீனா அக்டோபர் 20-ல் தாக்கியது. குளிர் உடைகூடச் சரியாக இல்லாமல் நம் வீரர்கள் நாம்கா சூ ஆற்றங்கரையில் நின்றார்கள். பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனனை நேரு எவ்வளவோ காப்பாற்றப் பார்த்தும் சொந்தக் கட்சி எம்.பி.க்களே விடவில்லை. நவம்பர் 7-ல், போர் ஓயும் முன்பே, கிருஷ்ண மேனன் போய்விட்டார். (தோல்வியை ஆராய்ந்த ஹெண்டர்சன் புரூக்ஸ் அறிக்கையை அரசு இன்னும் வெளியிடவில்லை என்பது எனக்குத் தனி வருத்தம்.) அமெரிக்காவிலேயே 1993-ல் லெஸ் ஆஸ்பின் பாதுகாப்பு அமைச்சராக இருந்தார். சோமாலியாவில் இருந்த படைக்குக் கவச வண்டிகள் கேட்டபோது மறுத்தார். அக்டோபரில் மொகதிஷுவில் 18 வீரர்கள் இறந்தார்கள். டிசம்பரில் ராஜினாமாவை அறிவித்தார்.

ரம்ஸ்ஃபெல்டு விலகியபோது இராக்கில் இறந்த அமெரிக்க வீரர்கள் 2,800-க்கும் மேல். இராக்கியர் சாவு அதைவிடப் பல மடங்கு. 2006 ஏப்ரலில் ஓய்வுபெற்ற ஜெனரல்கள் பலர் வெளிப்படையாக அவர் போக வேண்டும் என்றார்கள். முடிவெடுப்பவன் நான், ரம்ஸ்ஃபெல்டு இருப்பார் என்றார் புஷ். நவம்பர் 7 தேர்தலில் புஷ்ஷின் கட்சி நாடாளுமன்றத்தின் இரு அவைகளையும் இழந்தது. மறுநாளே ரம்ஸ்ஃபெல்டின் விலகல் அறிவிக்கப்பட்டது. கடைசியில் வேலை செய்தது வாக்குச்சீட்டு ஒன்றுதான்.

இவ்வளவு தாமதத்தால் என்ன ஆனது என்பதற்கு எனக்குத் தெரிந்த ஒரு கணக்கைச் சொல்கிறேன். சாலையோரக் குண்டுகளைத் தாங்கும்படி அடிப்பாகம் ‘வி’ வடிவில் செய்யப்பட்ட எம்ராப் வண்டிகள் 1,169 வேண்டும் என்று, இராக்கின் அன்பார் பகுதியில் இருந்த அமெரிக்க மரைன் படை வீரர்கள் 2005 பிப்ரவரியில் அவசரக் கோரிக்கை அனுப்பினார்கள். அது மேலே போகாமல் கிடந்தது. ரம்ஸ்ஃபெல்டுக்கு அடுத்து வந்த ராபர்ட் கேட்ஸ் 2007 மே மாதம் அந்த வண்டிகள்தான் துறையின் முதல் வேலை என்று உத்தரவிட்டார். அதன்பின் ஆயிரக்கணக்கில் போய்ச் சேர்ந்தன. நடுவில் கழிந்தது இரண்டு வருடம் மூன்று மாதம்.