மண்டை ஓட்டில் டிபி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கே: டாக்டர், என் மகனுக்கு 14 வயது. நெற்றிக்கு மேலே மெத்தென்று வீக்கம். வலியில்லை, சூடும் இல்லை. ஸ்கேனில் எலும்பு அரித்திருக்கிறது, டிபியாக இருக்கலாம் என்கிறார்கள். தலையில் டிபி வருமா?

ப: அபூர்வமாக வரும் அம்மா. எலும்பு டிபி வந்த நூறு பேரில் ஒருவருக்கு மண்டை ஓட்டில் வந்தாலே அதிகம். பெரும்பாலும் 20 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு. நுரையீரலிலோ நெறிக்கட்டியிலோ தங்கிய கிருமி ரத்தத்தோடு போகிறது. மண்டை ஓடு இரண்டு கெட்டி ஏடுகள். நடுவே பஞ்சு போன்ற எலும்பு. கிருமி குடியேறுவது அங்கேதான். மற்ற கிருமிகளின் சீழ்க்கட்டி கொதிக்கும், இது கொதிக்காது. அதனால்தான் சாதாரணக் கட்டி என்று மாதக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள்.

பயாப்சி, அதாவது சோதனைக்குச் சதைத்துண்டு, எடுக்கும்போது ஒன்றை மறக்காமல் கேளுங்கள். சதைத்துண்டு முழுவதையும் பார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் போடக் கூடாது. போட்டால் கிருமியை வளர்த்துப் பார்க்க முடியாது. பாதியை சலைன் என்ற உப்புநீரில் போட்டு, சிபிநாட் என்ற டிபி மரபணுச் சோதனைக்கும், கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கும் அனுப்ப வேண்டும். ரிஃபாம்பிசின் என்ற டிபி மருந்துக்குக் கிருமி கட்டுப்படுமா என்பதும் அதில் தெரியும்.

கே: கீறிச் சீழை எடுத்தால் போதாதா?

ப: போதாது. கீறாதீர்கள். மருந்து இல்லாமல் கீறினால் புண் ஆறாமல் புரையோடிவிடும்.

கே: வீட்டில் மற்றவர்களுக்கு ஒட்டுமா? தனித்தட்டு வைத்திருக்கிறோம்.

ப: எலும்பில் மட்டும் என்றால் ஒட்டாது. நுரையீரலிலும் இருக்கிறதா என்று மார்பு எக்ஸ்ரே எடுங்கள். தட்டைப் பிரிக்காதீர்கள், பிள்ளை மனம் நோகும். நுரையீரல் டிபிக்கே வீட்டில் வைத்து மருந்து கொடுத்தால் போதும் என்று 1950களில் சென்னையில் நடந்த ஆய்வு காட்டிவிட்டது.

கே: நானும் அறுவை மருத்துவன். செத்த எலும்புக்குள் மருந்து போகாது. எல்லோருக்கும் ஆபரேஷன்தான் சரி.

ப: செத்த துண்டு கிடந்தால், சீழ் மூளையை அழுத்தினால், மருந்துக்கு அடங்காவிட்டால் ஆபரேஷன்தான். எல்லோருக்கும் என்பதை ஏற்க மாட்டேன்.

கே: பயாப்சிக்குத் திறக்கிறோமே, அப்போதே அரித்த எலும்பையும் எடுத்துவிடலாமே?

ப: சின்ன அரிப்பு மருந்திலேயே ஆறுகிறது, எலும்பும் மெல்ல நிரம்புகிறது. வளரும் பிள்ளையின் தலையில் தேவையில்லாமல் ஏன் ஓட்டை போட வேண்டும்? ஆபரேஷன் செய்தாலும் மருந்து முழுக்காலமும் வேண்டும். அதில் நாம் இருவரும் ஒன்றுதானே?

கே: ஊசியால் குத்தி நாங்களே சீழை எடுக்கலாமா?

ப: மேலே சொல்லிவிட்டேன். கூடாது.

கே: முதுகுத்தண்டில் டிபி...

ப: முதுகெலும்பு நிபுணரைப் பாருங்கள். கால் மரத்தால் அன்றே போங்கள்.

கே: மருந்து தொடங்கி மூன்று மாதத்தில் வீக்கம் வற்றிவிட்டது. சிறுநீர் ஆரஞ்சாகப் போகிறது. நிறுத்தலாமா?

ப: நிறுத்தாதீர்கள்! எலும்புக்குக் குறைந்தது 12 மாதம். ஆரஞ்சு நிறம் ரிஃபாம்பிசினால் வருவது, பயம் வேண்டாம். பார்வை மங்கினாலோ சிவப்பு, பச்சை குழம்பினாலோ எத்தம்பூட்டால் என்ற இன்னொரு டிபி மருந்து காரணமாக இருக்கலாம். அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள். மாத்திரை தீர்ந்தால் அரசு மருத்துவமனையில் இலவசமாகத் தருவார்கள், ஒருநாள்கூட விடாமல் வாங்குங்கள்.