டாப்னியா தண்ணீரைச் சுத்தம் செய்யுமா?

கேள்வி: மீனுக்குத் தீனியாகப் போடும் டாப்னியா (சின்னஞ்சிறு தண்ணீர்ப்பூச்சி), தண்ணீரில் கலந்த ரசாயனத்தையும் சுத்தம் செய்துவிடுமாமே?

பதில்: பாதி நிஜம். கப்பி மீன்களுக்காக மொட்டைமாடித் தொட்டியில் டாப்னியா வளர்க்கிறேன். பாசி பிடித்துப் பச்சையாகக் கிடந்த தண்ணீர், அதை விட்ட சில நாளில் அடி தெரியுமளவு தெளிந்துவிட்டது. பூச்சி என்கிறோம், சொந்தம் என்னவோ இறாலுக்குத்தான். ஓயாமல் கால்களை ஆட்டித் தண்ணீரை வடிகட்டுவதே அதன் பிழைப்பு. உள்ளே போகும் ரசாயனங்கள் சிலவற்றை அதன் நொதிகள் உருமாற்றிவிடுகின்றன.

இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஏரிச் சேற்றில் பல்லாண்டு உறங்கிய டாப்னியா முட்டைகளைப் பொரிக்கவைத்துச் சோதித்து, 2023-ல் முடிவை வெளியிட்டார்கள். டைக்ளோஃபெனாக் (நம் பிணந்தின்னிக் கழுகுகளை அழித்த அதே வலிமருந்து) தண்ணீரில் சுமார் 90 சதவீதம் குறைந்ததாம். ஆர்செனிக் என்ற நஞ்சும் குறைந்தது. ஆனால் அது தனிமம், உடைக்க முடியாது. பூச்சியின் உடம்புக்குள் குடியேறும், அவ்வளவுதான். அப்புறம் அந்த டாப்னியாவை மீனுக்குப் போட முடியுமா?

சரி, எந்த விஷத்தையும் தாங்குமா? ரோஜாவுக்குப் பூச்சிமருந்து கலக்கிய குவளையை ஒருமுறை மறதியாகத் தொட்டியில் முக்கிவிட்டேன். மறுநாள் காலையில் ஒன்றுகூட அசையவில்லை.