பெங்குவின்ஸுக்கு வயதானது எப்போது?

கேள்வி: பிட்ஸ்பர்க்கில் 12 வருஷமாக இருக்கிறோம். வந்த புதிதில் ஐஸ் ஹாக்கி பற்றி ஒன்றும் தெரியாது. ஊர் அணியான பெங்குவின்ஸ் 2016, 2017இல் இரண்டு கோப்பை வென்ற பிறகு வீடே பெங்குவின்ஸ் பைத்தியமாகிவிட்டது. 2023, 2024, 2025 என்று தொடர்ந்து மூன்று வருஷம் அணி பிளே-ஆஃப் பக்கமே போகவில்லை. எங்கள் வாட்ஸப் குழுவில் தினமும் சண்டை. ஒரு கட்சி, "கேப்டன் கிராஸ்பி உட்பட எல்லோரையும் விற்றுவிட்டு அடியிலிருந்து கட்டு" என்கிறது. இன்னொரு கட்சி, "கிராஸ்பி இருக்கும்போதே இன்னொரு தடவை மோதிப் பார், 2018இல் சிஎஸ்கேவையும் கிழவர் அணி என்றுதானே கேலி செய்தார்கள்" என்கிறது. யார் சொல்வது சரி? நாங்கள் எதைப் பார்த்து முடிவுக்கு வருவது? அப்புறம் ஒரு சின்ன விஷயம். 10 வயதுப் பையன் ஜெர்சி கேட்கிறான். கிராஸ்பியின் 87ஆ, மால்கினின் 71ஆ, இல்லை புதுப் பையன் யாராவதா? விற்கிற விலைக்குத் தப்பாக வாங்கிவிடக் கூடாதே.

பதில்: சிஎஸ்கே வாதத்தை முதலில் ஓரமாக வைத்துவிடுவோம். ஐபிஎல்லில் சில வருஷங்களுக்கு ஒருமுறை பெரிய ஏலம் வந்து எல்லா அணிகளையும் கலைத்துப் போடுகிறது. கையில் பணமிருந்தால் நல்ல வயதில் இருக்கும் ஆட்டக்காரரை அன்றைக்கே வாங்கிக்கொள்ளலாம். வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீகான என்ஹெச்எல்லில் அந்த வசதி கிடையாது. பெரும்பாலும் 18 வயதுப் பையன்களை டிராஃப்டில், அதாவது அணிகள் முறைவைத்துப் புதுப் பையன்களைப் பொறுக்கும் தேர்வில் எடுத்து, நாலைந்து வருஷம் வளர்த்துத்தான் ஆள் சேர்க்க வேண்டும். ஆட்டமும் வேறு. முக்கால் நிமிஷம் முழு வேகத்தில் சறுக்கிவிட்டு வந்து உட்கார்ந்து மூச்சு வாங்கி, மறுபடி இறங்க வேண்டும். இப்படி ஒரு சீசனுக்கு எண்பதுக்கும் மேற்பட்ட ஆட்டம். வயதானவரை ஸ்லிப்பில் நிறுத்தி ஒளித்துவைக்க ஐஸில் இடமில்லை.

சரி, பெங்குவின்ஸுக்கு வருவோம். இந்த 2025 ஆகஸ்டில் அணியின் மூத்த நால்வரில் கிராஸ்பிக்கு 38 வயது, லெடாங்குக்கு 38, மால்கினுக்கு 39, கார்ல்சனுக்கு 35. இந்த நாலு எண்களைப் பார்த்ததும் நோய் புரிந்துவிட்டதாக எல்லோருக்கும் தோன்றும். ஆனால் கணக்கைப் பாருங்கள். 2024-25 சீசனில் கிராஸ்பி எடுத்தது 91 புள்ளி, அதாவது கோலும் அசிஸ்டுமாகச் சேர்த்து. ஆட்டத்துக்கு ஒரு புள்ளிக்குக் குறையாமல் அவர் முடித்த 20ஆவது சீசன் அது. ஐஸ் ஹாக்கியின் பழைய ஜாம்பவான் வெய்ன் கிரெட்ஸ்கி 19 சீசனோடு வைத்திருந்த சாதனை உடைந்தது. மால்கின் காயங்களுக்கு நடுவே 68 ஆட்டத்தில் 50 புள்ளி எடுத்தார். இவ்வளவு இருந்தும் அணி 34 வெற்றி, லீக் பட்டியலில் 80 புள்ளியோடு பிளே-ஆஃபுக்கு வெளியே நின்றது. கிழவர்கள் தங்கள் பங்கைச் செய்துவிட்டார்கள். மீதிப் பேர் யார் என்பதுதான் கேள்வி.

என்னைக் கேட்டால் இந்த அணிக்கு வயதானது 2023இல் இல்லை. 2015இலிருந்து 2021க்குள், ஒவ்வொரு டிராஃப்டிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஆனது. அந்த ஏழு டிராஃப்டுகளில் பிட்ஸ்பர்க் முதல் சுற்றில் ஆள் எடுத்தது ஒரே ஒரு தடவை, 2019இல். மற்ற ஆறு தடவையும் தேர்வு உரிமையை வேறு அணிகளிடம் கொடுத்து ஆட்டக்காரர்களை வாங்கிவிட்டார்கள். 2015 தேர்வு டேவிட் பெரானுக்காகப் போனது. 2016 தேர்வு ஃபில் கெசலுக்காக. 2017இல் ரயன் ரீவ்ஸ், 2018இல் டெரிக் பிராசார்ட், 2020இல் காஸ்பரி கபானென், 2021இல் ஜேசன் ஜக்கர். இதில் வயிற்றெரிச்சல் 2015தான். எட்மன்டனுக்குக் கொடுத்த அந்தத் தேர்வு கைமாறி நியூயார்க் ஐலண்டர்ஸிடம் போனது. அவர்கள் அதில் எடுத்த பையன், பின்னாளில் அவர்களின் நட்சத்திரமான மாத்யூ பார்சல்.

2015இல் 18 வயதில் எடுத்த பையனுக்கு 2025இல் 28 வயது. 2021இல் எடுத்தவனுக்கு 22. ஃபார்வர்டு ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் உச்சத்தில் இருப்பது 24 முதல் 28 வயது வரை. டிஃபென்ஸ்காரர்களுக்கு இன்னும் கொஞ்சம் தள்ளிப்போகும். பெங்குவின்ஸில் காணாமல் போனது துல்லியமாக அந்தத் தலைமுறைதான். வீட்டில் தாத்தாவும் பேரனும் இருக்கிறார்கள், சம்பாதிக்கிற வயதில் இருக்க வேண்டிய அப்பாவைக் காணோம்.

இதற்காக அன்றைய நிர்வாகத்தைத் திட்ட எனக்கு மனம் வராது. கெசல் வந்தார், இரண்டு கோப்பை வந்தது. எந்த ஊர்க்காரரும் அந்த வியாபாரத்தைத் திருப்பித் தர மாட்டார். ஆனால் அந்த இரண்டு கோப்பைகளை நட்சத்திரங்கள் மட்டும் வென்றதாக நினைத்தால் பாடம் தவறிவிடும். 2016இல் கோலியாக, அதாவது கோல் காப்பவராக நின்ற மேட் மர்ரேக்கு வயது 22. 2017 பிளே-ஆஃபில் 13 கோல் போட்ட ஜேக் கென்ட்சல் அப்போதுதான் முதல் சீசன் ஆடிக்கொண்டிருந்தார். பிரையன் ரஸ்ட்டையும் சேர்த்து மூவருமே மூன்றாம் சுற்றில் எடுக்கப்பட்டு, வில்க்ஸ்-பேரியில் இருக்கும் துணை அணியில் வளர்ந்து வந்தவர்கள், சம்பளமும் குறைவு. 2017இல் லெடாங் கழுத்து அறுவை சிகிச்சையால் பிளே-ஆஃபில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

சம்பளம் ஏன் முக்கியம் என்று உங்கள் பையன் கேட்டால் இப்படிச் சொல்லுங்கள்: ஒவ்வொரு அணிக்கும் ஆட்டக்காரர் சம்பளத்துக்கு ஒரு உச்சவரம்பு உண்டு. முதலாளி எவ்வளவு பெரிய பணக்காரராக இருந்தாலும் அதைத் தாண்ட முடியாது. கோவிட் சமயத்தில் அது 8.15 கோடி டாலரில் மூன்று சீசன் அப்படியே நின்றது. நீண்ட ஒப்பந்தங்கள் கொடுத்திருந்த அணிகளுக்கெல்லாம் அப்போது மூச்சு முட்டியது. 2025-26 சீசனுக்கு 9.55 கோடி, அடுத்ததற்கு 10.4 கோடி, அதற்கும் அடுத்ததற்கு 11.35 கோடி என்று அறிவித்துவிட்டார்கள். கிராஸ்பியின் ஒப்பந்தம் வருஷத்துக்கு 87 லட்சம் டாலர். பிறந்த தேதி அமெரிக்க முறையில் 8-7-87 (ஆகஸ்ட் 7), முதுகில் 87, சம்பளத்திலும் 87. வரம்பு ஏற ஏற, இந்தத் தொகை அணிக்குச் சுமையே இல்லை. உண்மையில் வலிப்பது நடுத்தர ஒப்பந்தங்கள். 2023 கோடையில் டிஃபென்ஸ்காரர் ரயன் கிரேவ்ஸுக்கு 6 வருஷம், ஆண்டுக்கு 45 லட்சம். கோலி டிரிஸ்டன் ஜாரிக்கு 5 வருஷம், ஆண்டுக்கு 53.75 லட்சம். அந்த ஜாரியை 2025 ஜனவரியில் துணை அணிக்கே இறக்கிவிட வேண்டி வந்தது. குழுவில் யாராவது "மால்கின் சம்பளம்தான் பிரச்சினை" என்றால் இந்த இரண்டு பெயர்களையும் சொல்லிப் பாருங்கள்.

இப்போது முதல் கட்சிக்கு வருகிறேன். எல்லோரையும் விற்றுக் கடைசி இடத்துக்குப் போனால் அடுத்த கிராஸ்பி கிடைப்பார் என்பது அவர்கள் கணக்கு. ஆனால் முதல் தேர்வு குலுக்கலில்தான் முடிவாகும், கடைசி இடத்தில் முடித்த அணிக்கு அது கிடைக்கும் வாய்ப்பு 25.5 சதவீதம்தான். நாலில் மூன்று தடவை கிடைக்காது. டெட்ராய்ட் ரெட் விங்ஸைப் பாருங்கள். 1991 முதல் 2016 வரை தொடர்ந்து 25 தடவை பிளே-ஆஃப் போன அணி. 2019-20இல் 71 ஆட்டத்தில் 17 வெற்றி, லீகிலேயே கடைசி. குலுக்கலில் கிடைத்தது நாலாவது இடம். 2016க்குப் பிறகு 2025 வரை அவர்கள் பிளே-ஆஃப் பார்க்கவில்லை, ஒன்பது வருஷம். பிட்ஸ்பர்க்குக்கும் அப்படி ஆனால், இப்போது ஜெர்சி கேட்கிற பையன் கல்லூரியில் இருப்பான். சிகாகோவுக்கு 2023இல் குலுக்கலில் அதிர்ஷ்டம் அடித்து, முதல் தேர்வாக கானர் பெடார்ட் கிடைத்தார். அவர் வந்து இரண்டாவது சீசனான 2024-25இலும் அணி அடிமட்டத்தில்தான் கிடந்தது. ஒரு பையனை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்?

இன்னொன்று: கிராஸ்பியை விற்பது அணி மட்டும் எடுக்கக்கூடிய முடிவே இல்லை. தன் சம்மதம் இல்லாமல் எங்கும் அனுப்பக்கூடாது என்ற உரிமை அவர் ஒப்பந்தத்தில் இருக்கிறது. குழுவில் நீங்கள் எத்தனை ஓட்டு போட்டாலும் செல்லாது.

இரண்டாவது கட்சியின் யோசனையை அணி ஏற்கெனவே செய்து பார்த்துவிட்டது. 2023 ஆகஸ்டில் அணியின் நிர்வாகத் தலைவர் கைல் டூபஸ் எரிக் கார்ல்சனைக் கொண்டுவந்தார். அதற்கு முந்தைய சீசனில்தான் கார்ல்சன் 101 புள்ளி எடுத்து, சிறந்த டிஃபென்ஸ்காரருக்கான நாரிஸ் விருது வாங்கியிருந்தார். கிராஸ்பி, மால்கின், லெடாங், கார்ல்சன் என்று எழுதிப் பார்த்தாலே எதிரணி நடுங்க வேண்டும். நடந்தது என்ன? எதிரணி ஒரு ஆள் குறைவாக ஆடும் பவர் பிளேயில்கூட அந்த சீசனில் பெங்குவின்ஸ் லீகின் கடைசி வரிசையில் இருந்தது. மூன்றே மூன்று புள்ளியில் பிளே-ஆஃப் போயிற்று. பந்தியில் நாலு தலைவாழை இலை போட்டாகிவிட்டது, பரிமாற ஆளில்லை.

ஆக இரண்டு கட்சியும் ஒரே தப்பைச் செய்கின்றன. இருவருமே 38 வயதுக்காரர்களைப் பற்றியே பேசுகிறார்கள். நான் பார்க்கச் சொல்வது வாஷிங்டன் கேபிடல்ஸை. அங்கேயும் ஒரு பெரியவர், ஓவெச்கின். 2023 தொடக்கத்தில் அணி தடுமாறியபோது நிர்வாகம் அவரைத் தொடவில்லை. ஒப்பந்தம் முடியப்போகிற டிமிட்ரி ஓர்லோவை பாஸ்டனுக்கு விற்று, வந்த முதல் சுற்றுத் தேர்வை அப்படியே டொரொன்டோவுக்குக் கொடுத்து, இளம் டிஃபென்ஸ்காரர் ராஸ்மஸ் சாண்டினை வாங்கியது. சிகாகோ வேண்டாமென்று விட்ட டிலன் ஸ்ட்ரோமை 2022 கோடையிலேயே குறைந்த விலைக்குச் சேர்த்திருந்தது. அந்த ஸ்ட்ரோம்தான் 2024-25இல் 82 புள்ளியோடு அணியின் முதலிடம். அதே சீசனில் அணி 111 புள்ளி எடுத்துக் கிழக்கில் முதலில் நின்றது. 39 வயது ஓவெச்கின் ஏப்ரல் 6 அன்று 895ஆவது கோல் போட்டு கிரெட்ஸ்கியைத் தாண்டினார். பெரியவரைச் சுற்றி 25 வயதுக்காரர்களைச் சேர்த்தார்கள், அவ்வளவுதான். எல்லாருக்கும் இது பலிக்கும் என்று சொல்லவில்லை. லோகன் தாம்ப்ஸன் மாதிரி ஒரு கோலி அமைந்தது அவர்கள் பாக்கியம். பிட்ஸ்பர்க்கின் பெரிய ஓட்டையே அங்கேதான் இருக்கிறது.

டூபஸ் இப்போது போகிற வழியும் ஏறக்குறைய இதுதான் என்று நினைக்கிறேன். 2024 மார்ச்சில் கென்ட்சலை கரோலினாவுக்கு அனுப்பியபோது ஊரே அழுதது. அந்த வியாபாரத்தில் வந்தவர்களில் ஒருவர் இளம் ஆட்டக்காரர் வில்லே கொய்வுனென். அடுத்து, மற்ற அணிகளுக்குப் பாரமான ஒப்பந்தங்களைத் தலையில் ஏற்றிக்கொண்டு, கூலியாக டிராஃப்ட் தேர்வுகள் வாங்குகிறார். செயின்ட் லூயிஸிடமிருந்து கெவின் ஹேய்ஸ், 2025 ஜூலையில் டல்லாஸிடமிருந்து மேட் டும்பா, இருவரோடும் ஒரு இரண்டாம் சுற்றுத் தேர்வு வந்தது. 2025 டிராஃப்டில் பென் கிண்டல், பில் ஸானன், வில் ஹார்காஃப் என்று முதல் சுற்றிலேயே மூன்று பையன்கள். ஏழு வருஷத்தில் ஒருவரை எடுத்த அணிக்கு ஒரே இரவில் மூன்று பேர். இப்படிப்பட்ட பையன்கள் முழு ஆட்டக்காரர்களாக ஆகப் பொதுவாக மூன்று நாலு வருஷம் வேண்டும் என்பதுதான் சங்கடம். கிராஸ்பியின் கடிகாரமும் இவர்களின் கடிகாரமும் பொருந்தவில்லை.

எதைப் பார்த்து முடிவு செய்வது என்று கேட்டீர்கள். அணியின் சராசரி வயதை விட்டுவிடுங்கள், நாலு பெரியவர்கள் அதைக் கெடுத்துவிடுவார்கள். 23க்கும் 27க்கும் நடுவில் எத்தனை பேர் தினமும் ஆடுகிறார்கள் என்று எண்ணுங்கள். அக்டோபரில் மூன்று பேர், பிப்ரவரியில் ஆறு பேர் என்றால் அணி தோற்றாலும் கவலைப்படாதீர்கள். அரங்கில் உட்கார்ந்து பார்க்கும்போது பக்கின், அதாவது பந்துக்குப் பதிலாக அடிக்கிற அந்த ரப்பர் வட்டின் பின்னாலேயே கண்ணை விடாமல், கிராஸ்பி மாறி வெளியே வந்த பிறகு வரும் முக்கால் நிமிஷத்தைப் பாருங்கள். அந்த நேரத்தில் பக் நம் கோல் பக்கமே சுற்றிக்கொண்டிருந்தால் கிராஸ்பிக்குப் பின் மாறி மாறி இறங்கும் மூன்றாவது, நாலாவது வரிசை ஆட்டக்காரர்கள் இன்னும் தேறவில்லை. வயது தெரிவதும் கோல் போடும்போது இல்லை. பக்கைப் பறிகொடுத்துவிட்டுத் திரும்பித் துரத்தும் இடத்தில்தான் தெரியும். அடுத்தடுத்த இரவுகளில் ஆட்டம் இருந்தால் இரண்டாவது இரவின் கடைசிப் பகுதியைத் தவறவிடாதீர்கள். புள்ளிப் பட்டியல் மறைப்பதை அந்த 20 நிமிஷம் காட்டிக்கொடுத்துவிடும்.

பிப்ரவரி, மார்ச்சில் ரஸ்ட் அல்லது ரிக்கார்ட் ராகெல் விற்கப்பட்டால் குழுவில் கலவரம் வெடிக்கும். வந்தது 30 வயதுக்காரரா, 22 வயதுக்காரரா என்று முதலில் பாருங்கள். 22 என்றால் நான் விற்பனைக்குக் கைதட்டுவேன்.

ஜெர்சி விஷயம். மால்கினின் ஒப்பந்தம் 2026 கோடையில் முடிகிறது. 71 வாங்கினால் 2025-26 சீசனுக்குத்தான் நிச்சயம். புதுப் பையன்களுக்கு அணியில் இடம் நிலையில்லை, முதுகு எண்ணும் மாறலாம். எனவே 87. கிராஸ்பியின் ஒப்பந்தம் 2027 கோடை வரை. பத்து வயதுப் பையனுக்கு எந்த ஜெர்சியும் இரண்டு வருஷத்துக்கு மேல் பொருந்தாது. ஒரு சைஸ் பெரிதாகவே எடுங்கள், அரங்கில் குளிரும், உள்ளே ஸ்வெட்டர் போட இடம் வேண்டும்.