கேம் கியரில் சத்தம் இல்லை, படம் மங்கல்: திரையை மாற்ற வேண்டுமா?

கேள்வி: பழைய சேகா கேம் கியர் (கையடக்க வீடியோ கேம் கருவி) ஒன்று கிடைத்தது. ஆறு புது பேட்டரி போட்டால் விளக்கு எரிகிறது. ஆனால் துளிச் சத்தமும் இல்லை. சாய்த்துப் பிடித்தால்தான் படம் நிழல்போலத் தெரிகிறது. திரை போய்விட்டதா?

பதில்: அவசரப்பட்டுத் திரை வாங்காதீர்கள். திரைக்குப் பின்னால் வெளிச்சம் வந்தால், அந்த வெளிச்சத்தைத் தரும் டியூப் நன்றாக இருக்கிறது. நீங்கள் சொல்லும் இரண்டு குறையும் சேர்ந்து வந்தால், கெப்பாசிட்டர் (மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் சிறு பாகம்) கசிந்திருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளலாம்.

கேம் கியர் ஜப்பானில் 1990 அக்டோபர் 6 அன்று வந்தது. நின்டெண்டோவின் போட்டிக் கருவியான கேம் பாயில் ஒரே நிறச் சாயல்கள்தான் இருந்தபோது, இதில் 4096 வண்ணங்களில் 32 ஒரே நேரத்தில் தெரிந்தன. அந்த 3.2 அங்குலத் திரைக்கு ஃப்ளோரசன்ட் டியூப் வெளிச்சம் கொடுத்தது. போர்டில் ஒட்டியிருக்கும் குட்டி அலுமினிய டப்பாக்கள்தான் அன்றைய எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர்கள். முப்பது வருடத்தில் அடி ரப்பர் தளர்ந்து, உள்ளிருக்கும் திரவம் வெளியே வந்து செம்புத் தடத்தை அரிக்கிறது. சவுண்ட் போர்டில் கசிந்தால் ஒலி போகும்; மெயின் போர்டில் கசிந்தால் படம் வெளிறும்.

சாதாரண ஸ்டார் ஸ்க்ரூ டிரைவரோடு 4.5 மி.மீ. கேம்பிட்டும் (இதுபோன்ற கேம் கருவிகளின் தனிவகை ஸ்க்ரூவுக்கான முனை) வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு பாதிகளுக்கும் நடுவே கம்பிகள் உண்டு, வெடுக்கென்று பிரிக்காதீர்கள். மெயின், சவுண்ட், பவர் என மூன்று போர்டுகள். மெயின் போர்டில் அச்சிட்ட எண்ணைப் பார்த்து, அதற்குப் பொருந்தும் கெப்பாசிட்டர் செட்டையே வாங்குங்கள். மாடலுக்கு மாடல் அமைப்பு மாறும்.

பழையதைக் கழற்றும்போது ஈயத்தில் சூடு பட்டதும் மீன் நாற்றம் அடித்தால் அது கசிந்த திரவம்தான். குறடால் முறுக்கிப் பிடுங்குவதை நான் பரிந்துரைக்கமாட்டேன்: அரிப்பில் பலவீனமான பேட் (கெப்பாசிட்டரின் கால் பற்றவைக்கப்பட்ட செம்புத் தளம்) கையோடு வந்துவிடும். ஃப்ளக்ஸ் (ஈயம் நன்றாக உருகி ஓட உதவும் பசை) தடவி, இரு காலுக்கும் மாற்றி மாற்றிச் சூடு கொடுத்தால் தானே நகரும். பிறகு 99% ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் பேட் பளிச்சென்று ஆகும்வரை தேய்க்கவும்.

பெரும்பாலோர் தவறுவது இங்கே: அலுமினிய டப்பாவில் கறுப்புக் கோடு மைனஸ், டான்டலம் (திரவம் இல்லாத மாற்றுக் கெப்பாசிட்டர்) வகையில் கோடு பிளஸ். டான்டலத்தைத் தலைகீழாக வைத்தால் புகைந்துவிடும். வோல்ட் அளவு பழையதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கட்டும்.

மூன்று போர்டையும் முடித்த பிறகும் ஒலி வராவிட்டால், மல்டிமீட்டரை பீப் நிலையில் வைத்து ஒவ்வொரு பேடிலிருந்தும் தடம் தொடர்கிறதா என்று பாருங்கள். அறுந்த இடத்தில் மெல்லிய கம்பி இழுத்தால் போதும். சுவிட்ச் போட்ட நிலையில் டியூப் பக்கம் விரல் வேண்டாம், அங்கே உயர் மின்னழுத்தம்.

பேட்டரி ஆயுள் இதனால் அதிகரிக்காது; டியூப் தின்பது தின்னும், ஆறு ஏஏ மூன்று முதல் ஐந்து மணி நேரம்தான். வீட்டில் 9 வோல்ட் அடாப்டர் பயன்படுத்தலாம், ஆனால் செருகுமுன் உடலில் அச்சிட்ட பிளஸ் மைனஸ் குறியோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிடுங்கள்.